நோனா நாட்டு வழக்கம்

மாடசாமியின் தோளைப் பிடித்து, வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று என்று அந்த வெள்ளைக்கார நோனா முத்தம் கொடுத்தபோது, அவன் பொண்டாட்டி காத்தாயி பத்தடி தள்ளி நின்று விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடாரி கட்டையில் விழாமல் தரையில் விழுந்தது.

இலங்கையில் சண்டை நின்று, சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்கள் திரும்பி வரத் தொடங்கிய வருஷம் அது. குரங்குகளைப் பற்றி எழுத பிரான்சிலிருந்து வந்த மர்த்தின் என்கிற அந்த நோனா, எதிர்வீட்டு மேலறையை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தாள். தினமும் காட்டுக்குக் கூட்டிப்போகவும் கூட்டிவரவும் மாடசாமியின் த்ரீவீல் ஆட்டோ.

அன்று சாயங்காலம் காத்தாயி சோறு போடவில்லை.

"என்னா புள்ள, பசிக்குது."

"அதான் காலையிலயே ரெண்டு கன்னமும் ரொம்பிருச்சே. இன்னும் என்ன பசி?"

மாடசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, அது அவங்க நாட்டு வழக்கம். நாம வணக்கம் சொல்றமில்ல, அந்த மாதிரி. எல்லாருக்குந்தான் குடுப்பாங்க. வேணுமின்னா நாளைக்கி நீயே வந்து பாரு."

காத்தாயி விடுவாளா, போய்ப் பார்த்தாள். நோனா முதலில் அவளுக்கே ரெண்டு கொடுத்தாள். அடுத்தது வீட்டுக்காரி சோமாவதிக்கு. அதற்கடுத்து தேத்தண்ணிக் கடை லாபிர் நானாவுக்கு. அந்த மனுஷன் "அஸ்தஃபிருல்லா" என்று பின்னால் பாய்ந்ததில் பணிஸ் தட்டு கவிழ்ந்து, நாய்க்கு நல்ல சாப்பாடு.

எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகும் காத்தாயிக்கு வயிறு எரிந்தது. வழக்கமாம் வழக்கம். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் பகல் வெளிச்சத்தில் அவன் கன்னத்தைத் தொட்டதில்லை. நேற்று வந்தவள் தினமும் காலை ஏழரைக்கு, நடுரோட்டில் வைத்து, வஞ்சகமில்லாமல் ரெண்டு.

மாடசாமி கழற்றிப் போடும் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பாள். பெற்றோல் வாசம்தான் வரும். வந்தால் மட்டும் நம்பிவிடுவாளா, மறுநாளும் எடுத்து மோந்து பார்ப்பாள்.

ஒரு நாள் நோனாவே கிணற்றடிக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சிங்களம், அதிலேதான் பேச்சு.

"மாடசாமி வேலைக்குப் போறப்ப நீங்க ஏன் கட்டிப்பிடிச்சு அனுப்புறதில்ல? ரெண்டு பேருக்கும் கோவமா?"

காத்தாயி வாளியைக் கீழே வைத்தாள். "ஆளுங்க பாக்கப் புருஷன யாராச்சும் தொடுவாங்களா நோனா? நம்ம ஆளுன்னா எட்டத்தான் நிப்போம். தொட்டா எங்களுக்கு வெக்கம்."

அடுத்தவள் புருஷனைத் தொடுவதைப் பற்றியும் நறுக்கென்று ரெண்டு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. வாடகைக்கு வந்த பொம்பிளை, பாவம் என்று அடக்கிக்கொண்டாள். நோனா தலையை ஆட்டி, குரங்குகளைப் பற்றி எழுதும் கொப்பியில் அதையும் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் முத்தம் நிற்கவில்லை. ரெண்டு மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை நோனா மாடசாமிக்கு முத்தம் கொடுக்காமல், தலையைக் குனிந்துகொண்டு த்ரீவீலில் ஏறினாள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்.

சொன்ன புத்தி இப்போதுதான் மண்டையில் ஏறியிருக்கிறது என்று காத்தாயி நினைத்தாள். மனசு குளிர்ந்துபோய் ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து நோனாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து சட்டையை மோந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

வருஷம் முடிந்து நோனா ஊருக்குப் போகும் நாள் வந்தது. விமான நிலையத்துக்குப் போக வேன் வந்து நின்றது. சோமாவதியைக் கட்டிப்பிடித்து நோனா அழுதாள். லாபிர் நானா இந்தத் தடவை ஓடவில்லை, தொப்பியைச் சரிசெய்துகொண்டு கன்னத்தைக் காட்டியபடி நின்றார். வேன்காரனை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள், அவனுக்கும் ரெண்டு. காத்தாயிக்கு நாலு.

மாடசாமிக்கு முன்னால் வந்ததும் நோனா இரண்டடி பின்னால் போனாள். நிலத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். சால்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் மாடசாமி சப்பணம் கட்டி உட்கார்ந்தான்.

"பாத்தியா? அந்த வேன்காரப் பயலுக்குக்கூடக் குடுத்தா. என்னைய ஒரு வெரலால தொட்டாளா? நீதான் ஒரு வருஷமா சும்மா வயித்தெரிச்சல் பட்டுக்கிட்டுக் கெடந்த."

காத்தாயி சோற்றைப் போட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"நாலு பேரு முன்னால ஒங்களத் தொட வெக்கப்படுறவ நான் ஒருத்திதான்னு நெனச்சிருந்தேங்க."