ஐசோப்ரோபைல் மிரிஸ்டேட்

பேஸ்ட் தீர்ந்துபோய் புதியதைத் தேடியபோதுதான் அந்த பாட்டில் ஷியாமளாவின் கையில் அகப்பட்டது. புருஷன் சேஷாத்ரியின் ஷேவிங் பைக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தது.

லேபிளைத் திருப்பிப் படித்தாள்.

ஐசோப்ரோபைல் மிரிஸ்டேட்.

வேறு எவளாவது என்றால் முகத்துக்குப் பூசுகிற ஏதோ என்று திரும்ப வைத்திருப்பாள். க்ரீமில் பிசுபிசுப்பு தெரியாமலிருக்க அதைத்தானே கலக்கிறார்கள். ஆனால் தனியாக, இவ்வளவு பெரிய பாட்டிலில் எதற்கு வாங்குவார்கள் என்று இவளுக்கா தெரியாது! டாக்குரியாவில் பிறந்த வீட்டில் அக்கா ரோஹிணியின் அலமாரியிலும் இதே சாமான்தான். காலேஜ் நாளிலேயே கொத்துக் கொத்தாக முடி கொட்டிப்போனவள் அக்கா. அவள் தலையில் ஒட்டிய விக்கைக் கழற்ற, பஞ்சில் இதைத் தொட்டுத் தொட்டுப் பசையை இளக்கியதே இவள்தான்.

அப்படியென்றால் சேஷாத்ரியின் அந்த அடர்ந்த கிராப்பு?

பாலிகஞ்சிலிருந்து சேஷாத்ரி வீட்டார் முதலில் பெண் பார்க்க வந்தது அக்காவைத்தான். "எவ்வளவு நீளப் பின்னல்!" என்று கொஞ்சுகிற மாதிரி அவன் அம்மா பிடித்து ஒரு இழு இழுத்தாள். ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு கையோடு வந்துவிட்டது. பித்தலாட்டம், மோசடி என்று அந்தம்மா போட்ட கூச்சலில் மாடிவீட்டு வங்காளத்து அம்மாள் போஸ் பௌதிகூட இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

சேஷாத்ரி குனிந்த தலை நிமிராமல் சொஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். பாவி.

கொஞ்ச நாளில் சின்னவளைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நல்ல இடம் என்றார் அப்பா. இவளும் தலையாட்டித் தொலைத்தாள். அன்றோடு அக்கா இவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது பேசாமல் எங்கே போவாள்? போன் போட்டாள். அக்கா எடுத்துவிட்டாள்.

"அக்கா, அவருக்கும் விக்குதான்! நம்மளை என்ன பேச்சு பேசினா!"

"தெரியும்டி," என்றாள் ரோஹிணி. "உள்ளே வந்தபோதே நெத்தியோரத்தைப் பார்த்துத் தெரிஞ்சுண்டேன். அவா அம்மா கத்தறச்சே அவர் ஒரு வார்த்தை பேசுவார்னு பார்த்துண்டே இருந்தேன். பேசலை. அப்புறம் உன்னைக் கேட்டு வந்தாளே, நீயாவது பேசுவேன்னு பார்த்தேன்."