வாப்பாவுக்குத் தனி இடம் இல்லை

“வாப்பாக்கு வாயில ஒரு பல்லும் இல்ல ஐயா. கப்பல்ல கஞ்சி கிடைக்குமா?”

ஹாஜறா இப்படிக் கேட்டதும் தங்கரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கிழமைக்கு முந்தி என்றால் திருதிருவென்று முழித்திருப்பான்.

1954 தை மாதம், தனுஷ்கோடிக் கப்பலுக்கு டிக்கட் எழுதும் கல்முனைக் கந்தோர் ஒன்றுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து அவன் கிளார்க்காக வந்த முதல் கிழமையில் ஒரு கூத்து நடந்தது. வாப்பா என்றால் தகப்பன் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தவன், “வாப்பா வந்துதான் கையெழுத்து வைக்கவேணும்” என்று வாப்பாவும் பயணம் வருகிறார் என்று சொன்ன சித்தி லைலா என்ற பெண்ணிடம் ஒற்றைக் காலில் நின்றான். அவள் போய் எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கி வந்து மேசையில் இருத்தினாள். வாப்பா கையெழுத்து வைக்கவில்லை. படிவத்தை நனைத்துவிட்டுப் போனார்.

இந்தப் பக்கத்தில் ஆண் குழந்தையை வாப்பா என்றும் பெண் குழந்தையை உம்மா என்றும் கொஞ்சுவார்கள் என்பது, கடைத்தெரு முழுக்கச் சிரித்து முடித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. தேத்தண்ணிக் கடையில்கூட, “என்ன ஐயா, வாப்பா கையெழுத்து வெச்சாரா?” என்று கேட்டார்கள்.

முதலாளி ஜவுபர் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி, இன்னொரு டிக்கட் போம் பிழைச்சா நீங்க ஊருக்கு பஸ் ஏறுங்க” என்றுவிட்டார். ஊரிலோ அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போய்விடும்.

சூடு கண்ட பூனை அல்லவா? இப்போது அவன் மகா உஷாராக இருந்தான்.

ஹாஜறாவின் தோளில் ஒரு கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அவள் சேலையைப் பிடித்தபடி மைக்கூட்டை எட்டிப் பார்த்தது.

“உம்மா, ஐயாட மையில கை வெக்காதீங்க” என்று ஹாஜறா அதட்டினாள்.

தங்கரத்தினம் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தான். “எத்தினை பேர் பயணம், தங்கச்சி?”

“மூணு டிக்கட் ஐயா. நான், இந்தப் புள்ள, வாப்பா. நாகூருல வாப்பாட நேர்ச்சை ஒண்டு இரிக்கி.”

முடி இறக்கத்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். “வீட்டுக்காரர் வரேல்லையோ?”

“அவருக்கு வெள்ளாம வெட்டு. வர ஏலா.”

“அப்ப துணைக்கு ஆம்பிளை ஆர்?”

“வாப்பாதான்.”

தங்கரத்தினம் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சத்தத்தில் கைப்பிள்ளை தலையைத் திருப்பியது. அதன் காதில் கடுகளவு தோடு ஒன்று மின்னியது. எங்கள் ஊரிலும் பெடியங்களுக்குக் காது குத்துவார்கள்தானே என்று அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

“நல்ல காவல்காரன்! நடப்பாரோ?”

“புடிச்சா நாலு எட்டு வெப்பார். உட்டா உழுந்திருவார்.”

“குழப்படியோ?”

“கஞ்சி சுணங்கினா ஊரைக் கூட்டிருவார் ஐயா. மத்தப்படி தங்கமான மனிசன்.”

‘மனிசன்’ என்ற கொஞ்சல் அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. படிவத்தில் வடிவாக எழுதினான்: பெரியவர் ஒன்று, சிறுபிள்ளை ஒன்று, கைக்குழந்தை ஒன்று. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. பெண் கைவிட்டுப் போகமாட்டாள்.

“ரெண்டு டிக்கட் போதும். வாப்பாவுக்குத் தனி இடம் இல்லை. மடியிலை வைச்சுக்கொண்டு போங்கோ.”

ஹாஜறாவின் முகம் வெளிறியது. “மடியிலயா? வாப்பாவையா?”

“ஓம், கப்பல் சட்டம் அது. ரெண்டு மூண்டு மணித்தியாலம்தானே.”

“பாரமாச்சே ஐயா!”

“கொடிக்குக் காய் பாரமோ, தங்கச்சி? சத்தம் போட்டால் வாயிலை சூப்பியை வையுங்கோ.”

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். எந்த ஊர்ச் சட்டம் இது என்று அவளுக்கு விளங்கவில்லை.

“என்னால ஏலா ஐயா. வாப்பாட்ட நீங்களே சொல்லுங்க.”

அதற்கென்ன? தங்கரத்தினம் எழுந்து வந்து, குனிந்து, கைப்பிள்ளையின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினான். “வாப்பா! கப்பலிலை மடியிலை இருக்கோணும். சரியோ?”

பிள்ளை கண் விழித்துப் பொக்கை வாயால் சிரித்தது.

“இவ ஸகியா, என்ட ரெண்டாவது மகள்” என்றாள் ஹாஜறா. “கைப்புள்ளைக்கி டிக்கட் இல்ல எண்டாங்க. அதான் நான் சொல்லல்ல.”

வெளியே மாடு பூட்டி நின்ற கரத்தை வண்டி கிறீச்சிட்டு ஆடியது. கரத்தைக்காரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, வெள்ளைத் தாடி வைத்த ஆறடி ஆள் ஒருவர் நாலு எட்டில் உள்ளே வந்து சேர்ந்தார். சொன்னதெல்லாம் வாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது. அவர் வாயிலும் அதே பொக்கைச் சிரிப்பு.

“தம்பி, ஆர்ர மடியில நான் இரிக்கிற?”