தாவூது டெய்லர் கடை

"டேப்பு அங்க இல்ல தம்பி. இடது பக்க ஆணியில தொங்கும்," என்றார் ஜான் பீ அம்மா.

பூவரசன் சுவரில் வரைந்த டேப்பை அழித்தான். நாலு நாளில் இது எத்தனையாவது திருத்தமோ. சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்ட தாவூது டெய்லர் கடையை, காரிமங்கலத்தில் இந்த வீட்டு முன்னறைச் சுவரில் அப்படியே கொண்டுவர வேண்டும். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அந்த அம்மாவின் ஞாபகம்தான்.

"நூல்கண்டுல செவப்புக்கு அப்புறம் மஞ்சளா, பச்சையாங்கம்மா?"

கண்ணை மூடி யோசித்தார். "பச்சை. ஒண்ணு மாறினாலும் அவரு ஒத்துக்க மாட்டாரு. எல்லாம் வீணாப் போயிடும்."

பூவரசனுக்கு மனசு கனத்தது. மொரப்பூர் பக்கம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் படம் வரைய அவனைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தவர் முகத்தில் சிரிப்பைக் கொண்டுவருவதில் கெட்டிக்காரன் என்று பேர். அப்பேர்ப்பட்டவன் கை, கடைக்காரர் இல்லாமல் கடையை முடிக்குமா? ஜான் பீ டீ போட உள்ளே போன சமயம், நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் தலையும் தோளுமாகக் கோடு போட்டுவிட்டான்.

டம்ளரோடு வந்தவர் பதறிப்போனார். "அழிச்சிடுங்க தம்பி. அவரை வரைய வேணாம்னு மொத நாளே சொன்னேன்ல?"

"உங்க வூட்ல ஆள் படம் வெக்கிற வழக்கம் இல்லன்னு தெரியுங்கம்மா. மொகம் இல்லாம, சும்மா நெழலாட்டம்..."

"அந்த எடம் காலியாத்தான் இருக்கணும். எனக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு வழிதான் தம்பி."

குரல் உடைந்துவிட்டது. அவன் கோட்டை அழித்தான். அவசரப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்தது. ஜான் பீ பழைய தையல் மெஷினையும் ஸ்டூலையும் நகர்த்திவந்து அந்தக் காலி இடத்துக்கு முன்னால் போடச் சொன்னார். போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் அஃப்சானா ஒரு பெரியவரைக் கைபிடித்து இறக்கினாள்.

"யாருங்கம்மா இவரு?"

"எங்க வூட்டுக்காரருதான். நாலு நாளா மக வூட்ல இருந்தாரு. ரெண்டு வருசமா மறதி. என்னையே யாருன்னு கேக்கறாரு. ஆனா காலைல எந்திரிச்சா கடைக்குப் போறேன்னு கெளம்பி, இல்லாத கடையைத் தேடி ரோட்ல அலையறாரு."

தாவூது நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு பூவரசனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உக்காருங்க தம்பி. ஜானு டீ கொண்டுவரும், குடிச்சிட்டு அளவு எடுத்துக்கலாம்."