அடியில் நின்ற சுருதி

“உங்க லேப்டாப்தான் இரையுதுங்க அம்மணி. பழைய சாமானுங்களா?” என்றான் கிருபாசங்கர்.

புவனா இன்னும் ஒரு பாட்டும் போடவில்லை. அதற்குள் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் ‘ம்ம்ம்’ என்று விடாமல் இரைந்தன. அவினாசி ரோட்டு ஓட்டலின் புல்வெளியில் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

முதலாளி வரதராஜுலு மோர் டம்ளரைக் கீழே வைத்தார். “எலக்ட்ரீசியனைக் கூப்புடலாங்களா?”

“அது எதுக்குங்க? வயரெல்லாம் காலையில நானே இழுத்து வெச்சதுங்க. அவிங்க சாமான் கோளாறுக்கு நம்ம ஆளு என்ன பண்ணுவாரு?”

கறுப்புச் சட்டை, கழுத்தில் ஹெட்போன், பையில் பேனாவும் டெஸ்டரும். மூன்று வருடமாக இந்த ஓட்டலின் டீஜே அவன்தான். இன்று அவனுக்கும் புவனாவுக்கும் போட்டி, ஆளுக்கு அரை மணி நேரம். இனி ஞாயிற்றுக்கிழமைகள் யாருக்கு என்று வரதராஜுலு சொல்லிவிடுவார்.

அவன் மரியாதையாகப் பேசுவதுதான் புவனாவுக்குத் தாங்கவில்லை. ‘ங்க’ போட்டுக் குத்தினால் திருப்பிக் குத்த இடமிருக்காது.

தோற்றால் நாளையிலிருந்து கணபதிப் பகுதியில் அப்பாவின் மோட்டார் கம்பெனியில் உட்காருவதாக வீட்டில் ஒத்துக்கொண்டு வந்திருந்தாள். லேப்டாப் வயரை ஒருமுறை பிடுங்கினாள், மறுபடி செருகினாள். பிடுங்கியபோதும் இரைச்சல் நிற்கவில்லை.

“என்ன பாட்டுங்க?” என்றான் அவன்.

“யூகே கராஜ். லண்டன் டான்ஸ் பாட்டுங்க.”

“கராஜுங்களா? நம்மூர்ல அது லாரி நிறுத்துற எடமுங்க.” பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை அதன்மேல் ஏற்றும்போது இரண்டின் சுருதியும் சேர வேண்டும். சேராவிட்டால் ஒன்றையொன்று கடிக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து அப்படிச் சேர்த்து வைத்திருந்த வரிசையில் முதல் பாட்டைப் போட்டாள். அது அந்த இரைச்சலோடு உரசி, கேட்கப் பல் கூசியது. கிருபாசங்கர் பரிவோடு உச்சுக்கொட்டினான்.

அவள் கண்ணை மூடினாள். மோட்டார் இரைச்சலில் வளர்ந்த காது. நிறுத்த முடியாததோடு சண்டை போட்டு எத்தனை வருடம் தோற்றிருக்கிறாள்! கோபமும் அப்படித்தான். அது பாட்டுக்கு உள்ளே இரையும். மற்றதையெல்லாம் அதன் சுருதிக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வார வரிசையைத் தூக்கி எறிந்தாள். இரைச்சலுக்கு இம்மி கீழே சுருதி நிற்கும் ஒரு கராஜ் பாட்டைத் தேடி எடுத்து, வேகத்தை இரண்டு சதவீதம் கூட்டினாள். சுருதியும் கூடவே ஏறி, இரைச்சலின்மேல் போய் அப்படியே உட்கார்ந்தது.

அடுத்த பாட்டும் அந்தச் சுருதிக்குப் பொருந்துவதாகவே எடுத்தாள். அதற்கடுத்ததும். நொண்டியடித்து ஓடும் அந்தத் தாளத்துக்கு மேசைகளின் கீழே கால்கள் ஆடத் தொடங்கின. இப்போது இரைச்சல் என்று தனியாக எதுவும் கேட்கவில்லை.

அரை மணி நேரம் ஆனது. லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். “பரவாயில்லீங்க, சமாளிச்சுப் போட்டீங்க” என்றான் கிருபாசங்கர்.

அவன் மேடையேறி மேசைக்குப் பின்னால் குனிந்தான். “ஒரே நிமிசமுங்க.” நிமிர்ந்தபோது இரைச்சல் அடியோடு நின்றிருந்தது. “பாத்தீங்களா? அவிங்க லேப்டாப் போனதும் நின்னு போச்சு!”

சுத்தமான சத்தத்தில் மூன்று பாட்டுகள் போட்டான். கால்கள் ஆடவில்லை. வரதராஜுலு கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“ஏனுங்க தம்பி, அம்மணி போடறப்ப அடியில ஒண்ணு தம்பூரா மாதிரி நின்னுட்டே இருந்துச்சே? உங்க பாட்டெல்லாம் அந்தரத்துல தொங்குதுங்க. அது உங்களுக்கு வராதுங்களா?”

கிருபாசங்கர் வாயைத் திறந்தான். அது வெறும் இரைச்சல் என்று சொல்லலாம்தான். அப்புறம் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

புவனா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“வருமுங்க. இப்ப மாட்டுன எர்த்து வயரை மறுக்காக் கழட்டியுடச் சொல்லுங்க.”