ஹோக்கன் செய்துவைத்த சமாதானம்

“சொல்றது ஒண்ணு, கொடுக்கறது ஒண்ணு! எப்பவும் உன் வழக்கமே இதுதானே?”

தீராவின் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தது. ஹோக்கன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்வீடனில் லிங்ஷோப்பிங் அலுவலகத்துக்கு மேலாளராக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நிரல் எழுதும் இந்தத் தீராவும் சிக்ஸ்டனும் அவர் நிம்மதியைக் குலைத்துவிட்டார்கள்.

எழுந்து போய்ப் பார்த்தார். சிக்ஸ்டனின் திரை முழுக்க, நிரலில் தவறு இருக்கலாம் என்று மஞ்சள் எழுத்தில் கம்பைலர் எச்சரிக்கைகள். மருத்துவமனைத் திரைகளில் படம் காட்டும் டிரைவர் மென்பொருள் அது. ஒரே ஒரு எச்சரிக்கை இருந்தாலும் வாங்க மாட்டோம் என்று மருத்துவமனைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கெடு.

“நீங்களே பாருங்க, ஹோக்கன். சின்ன எண் வரும்னு எழுதி வச்சிட்டு, பெரிய எண்ணை அனுப்பறார் இந்த மகான். வாங்கற இடத்துல பாதிதான் விழும்.”

“இத்தனை நாள் ஓடலையா? உலகம் முங்கிடுச்சா?” என்றான் சிக்ஸ்டன்.

“முங்கற வரைக்கும் துரை காத்திருப்பார்.”

திட்டிக்கொண்டே, அவன் தட்டில் இருந்த இலவங்கப்பட்டை பன்னில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள் தீரா. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பறித்துத் தின்னும் அளவுக்கா பகை! ஹோக்கன் ஆடிப்போனார்.

சாயங்காலம் சிக்ஸ்டனைத் தனியே பிடித்தார்.

“அந்தப் பொண்ணு குணம் அப்படி. நீ கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?”

“விட்டுக்கொடுத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

“ரொம்ப நாளாவா?”

“ரொம்ப நாளா” என்று பெருமூச்சு விட்டான் அவன்.

வெள்ளிக்கிழமை மதியம் திரையில் மஞ்சள் எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. வரிக்கு வரி சண்டை போட்டே இருவரும் முடித்திருந்தார்கள். ஹோக்கன் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“வேலை பிரமாதம். ஆனா உங்க ரெண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சிருக்கறது பாவம். சிக்ஸ்டன், நீ வடக்கே லூலியோ ஆபீசுக்கு மாறிக்கறியா?”

“ஐயோ, வேண்டாம்!”

இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஹோக்கனுக்கு உள்ளம் குளிர்ந்தது. உள்ளுக்குள் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. கொஞ்சம் தூண்டிவிட்டால் போதும்.

“அப்போ ஒரு நிபந்தனை. இன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய போய்ச் சாப்பிடணும். வேலைப் பேச்சே கூடாது. மனசுவிட்டுப் பேசிப் பாருங்க. ஒருத்தரை ஒருத்தருக்குப் பிடிச்சுக்கூடப் போகலாம், யார் கண்டா?”

சிக்ஸ்டன் காது மடல் வரை சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தீரா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“தாராளமா போறோம், ஹோக்கன். வர்ற வரைக்கும் எங்க மூணு பிள்ளைங்களையும் நீங்க பார்த்துக்குவீங்களா?”