சத்தமில்லாத கூலர்

"சாதாரண கூலரே போதும்ங்க. ரெண்டுக்கும் மூணு நாலு டிகிரிதான் வித்தியாசம்" என்றாள் ஹம்சினி.

முகமது இஸ்மாயில் நிமிர்ந்து பார்த்தார். கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். விலை அதிகமானதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மனைவிகளையும், கையைப் பிசையும் கணவன்மார்களையும் நிறையவே பார்த்தாயிற்று. இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

ஹம்சினி வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கட்டட வரைபடங்கள் போட்டுக் கொடுப்பவள். மே மாத வெயிலில் அவளுடைய கம்ப்யூட்டர் மத்தியானம் ஆனால் சூடேறித் தானாக அணைந்துவிடுகிறது. உள்ளே சூட்டைத் தணிக்கும் பழைய கூலர் விசிறி தேய்ந்து, வெறும் இரைச்சல்தான் போட்டது. மேஜைமேல் இஸ்மாயில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்திருந்தார். ஒன்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய். மற்றது ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தாள். தன்னுடைய பிராசஸர் அவ்வளவு சூடாகிற ரகமில்லை, சின்ன கூலரே அதைத் தாங்கும், மீதிப் பணமெல்லாம் பெயருக்கும் அழகுக்கும்தான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். இஸ்மாயிலால் மறுக்க முடியவில்லை. பாதி வாடிக்கையாளர்களிடம் அவரே அதைத்தான் சொல்வார்.

கணவன் ஜெய்ராம் பாலிகஞ்சில் ஒரு நிறுவனத்தில் அதிகாரி; அவனுக்கும் இப்போது வேலை வீட்டிலிருந்துதான். மெதுவாகப் பேசுகிறவன். சூட்டைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை.

"பாய், இதுல எது சத்தமே போடாது?"

அதில் பெரியதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இஸ்மாயில் உள்ளதைச் சொன்னார். சின்னது வெயில் நேரத்தில் கொஞ்சம் ஊளையிடும்.

"அப்ப பெரிசே இருக்கட்டும். நாள் பூரா அந்த இரைச்சல்ல உட்கார்ந்திருக்கா, பாவம்."

"எனக்கு அந்தச் சத்தம் பழகிடுச்சு" என்றாள் ஹம்சினி.

"எனக்குப் பழகலையே" என்று சிரித்தபடி ஜெய்ராம் அவள் தோளில் கை வைத்தான்.

அவள் விடவில்லை. இன்னும் இரண்டு தடவை வேண்டாம் என்றாள். இரண்டாவது தடவை குரல் லேசாக உடைந்தது. கழுத்தோரம் வியர்வை வழிந்தது. ஒரு மனுஷன் ஆசையாக வாங்கித் தருகிறேன் என்கிறான், இந்தப் பெண்ணுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று இஸ்மாயிலுக்கே சலிப்பு வந்தது. வியாபாரத்தை முடித்துவிடலாம் என்று அவர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"இதை மாட்டிட்டா மெஷின் ஓடறதே தெரியாது, மேடம். பக்கத்து ரூம்ல யாராவது கிசுகிசுன்னு பேசினாக்கூடக் கேட்கும்."

ஜெய்ராம் உடனே கார்டை எடுத்து நீட்டினான். ஹம்சினி சின்னப் பெட்டியை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை இஸ்மாயில் டாக்குரியாவில் அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனார். பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஜெய்ராம் அந்த அறையை விட்டு நகரவே இல்லை. மெஷினை ஓடவிட்டபோது விசிறி சுற்றுகிறதா என்று இஸ்மாயிலே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை அமைதி.

ஜெய்ராம் ஹாலுக்குப் போய், கதவை வெளியிலிருந்து சாத்தினான்.

"ஹம்சினி, ஏதாவது பேசு" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான்.

"என்ன பேசறது?" என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

"கேட்குது. நல்லாக் கேட்குது."

செய்த வேலை இஸ்மாயிலுக்குத் திருப்தியாக இருந்தது. அதே திருப்தியோடு அவள் பக்கம் திரும்பியவர் திடுக்கிட்டார். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்க வாயெடுத்தார். அவள் உதட்டில் விரலை வைத்துக் கதவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுக்காமல் நின்றபடியே குனிந்து, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். விசைகளைப் பஞ்சைத் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டு டைப் செய்தாள்.

ஹாலில் ஜெய்ராம் நடந்து வரும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா பாய்?"

"ஒரே நிமிஷம் சார்" என்ற இஸ்மாயில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் படித்தார்.

'பாய், என் போன் இவர்கிட்டதான் இருக்கு. பழைய ஃபேன் இரைச்சல்லதான், இந்தக் கம்ப்யூட்டர்லயே, ஆபீஸ் கால் பேசற மாதிரி எங்க அண்ணன்கிட்ட பேசிட்டிருந்தேன். இவர் என்னை அடிக்கறார். வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறார். அதுவரைக்கும் எனக்குச் சத்தம் வேணும். நீங்க சொன்னா இவர் நம்புவார்.'

அவர் படித்து முடித்ததும் அவள் அத்தனையையும் அழித்தாள். கதவு திறப்பதற்குள் இஸ்மாயில் குனிந்து, கம்ப்யூட்டருக்குள் இருந்த எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓடவிட்டார்.

"மழை இறங்கற வரைக்கும் இது இப்படித்தான் ஓடணும் சார், வேகத்தைக் குறைச்சா மெஷின் போயிடும்" என்று அவர் சொன்னபோது குரல் நடுங்கியது. அந்த இரைச்சலில், அறை வாசலில் நின்றவனுக்கு அந்த நடுக்கம் கேட்கவில்லை.