கங்காதரனின் முறை

ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதைக் கோட்டைக்குப்பத்தில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் சீட்டுதான்.

அன்றும் முனியம்மா குடத்தைக் குலுக்கிச் சீட்டை எடுத்தாள். "நாளைக்கு லோகேஷ்!"

கங்காதரனின் முகம் வாடியது. "இன்னிக்கும் உன் பேரு வரலைன்னா என்கூட பேசாதே நைனா" என்று மகள் அர்ச்சனா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மச்சான், உன் முறைய எனக்குக் குடுத்துடேன்."

"இன்னா, விளையாடறியா? நானே ரெண்டு மாசமா காத்துக் கிடக்கறேன்."

"என் புது வலைய எடுத்துக்கோ. நீயே வச்சிக்கோ."

லோகேஷ் வாயைப் பிளந்தான். "வலையா? சரி, போ. ஆனா சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கினு போ. நம்ம மானத்த வாங்காதே."

மறுநாள் காலை கங்காதரன் படகுகள் பக்கம் போகாமல் தொடக்கப் பள்ளிக்கு நடந்தான்.

வாரம் ஒரு பெற்றோர் வந்து ஒன்றாம் வகுப்புக்குக் கதை சொல்லலாம் என்று ஜெபசெல்வி டீச்சர் அழைத்தபோது, முதல் நாளே குப்பம் முழுக்கத் திரண்டு வந்துவிட்டது. அதனால்தான் இதற்கும் சீட்டு.

"எங்க நைனா!" என்று அர்ச்சனா துள்ளி எழுந்தாள்.

கங்காதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுறாவை ஏமாற்றிய இறாலின் கதையைத் தொடங்கினான். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு சிரிப்பு கேட்டது. தோளில் புது வலையோடு லோகேஷ் நின்றிருந்தான்.

"தொழிலுக்குப் போகலியா?" என்று கேட்டார் டீச்சர்.

"அந்த இறால் தப்பிச்சுதான்னு தெரிஞ்சிக்கினு போறேன் டீச்சர்."